பெரிய ஸ்கிரீன் வைத்த வண்டி

ஏற்காடு மலையில், நாகலூரில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஜெயபிரகாஷும் அவர் மனைவி வனிதாவும் கார் வாங்கச் சேலத்துக்குப் போனபோது, ஷோரூமில் இரண்டு வண்டிகள் அவர்கள் கணக்குக்கு ஒத்து வந்தன. ஒன்று பார்க்கச் சாதாரணமாக இருந்தது.

"மலையில இருக்கறீங்க. இதுல நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்குங்க. பாடியும் நல்ல கெட்டி" என்றார் விற்பனையாளர்.

அதற்குள் வனிதா இன்னொரு வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். டிவி மாதிரி அகலமான ஸ்கிரீன். கூரையில் கண்ணாடி, வாயால் சொன்னால் திறந்தது.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க. நாஞ் சொல்றதக் கேக்குது!"

ஜெயபிரகாஷும் ஏறிப் பார்த்தார். அதன் பிறகு இருவரும் பிரேக்கைப் பற்றிப் பேசவில்லை. பிரேக் இல்லாத கார் ஏது? அந்த வண்டியையே எடுத்தார்கள்.

தை மாதத்தில் வனிதாவின் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. ஜெயபிரகாஷின் அக்கா அத்தாயியும் அவர்களோடு புது வண்டியில் கிளம்பினார். இளம் வயதிலேயே கணவரை இழந்து தம்பி வீட்டோடு தங்கிவிட்டவர். டிக்கியில் ஆரஞ்சு மூட்டைகள். ஆட்டோமேட்டிக் வண்டி என்பதால் கியரைக் குறைக்க நினைக்காமல், ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஜெயபிரகாஷ் மலையிறங்கினார்.

"ஏதோ தீயற வாட வருது சாமி" என்றார் பின்சீட்டிலிருந்து அத்தாயி.

அடுத்த வளைவில் பிரேக் பெடல் அடிவரைக்கும் போய்விட்டது. ஹேண்ட்பிரேக்குக்குப் பதிலாக ஒரு பட்டன்தான் உண்டு. அது எங்கே என்று அவருடைய கை தடவியது. அகப்படவில்லை. வண்டியை மலைப்பக்கமாக ஒடித்தார். பாறை அத்தாயி பக்கத்துப் பின்கதவை உள்ளே மடக்கியது.

சத்தமெல்லாம் அடங்கின பிறகு, முந்நூறு மீட்டரில் வலப்பக்கம் திரும்பச் சொன்னது ஸ்கிரீன். அதில் ஒரு கீறல்கூட இல்லை. அத்தாயி ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் என்ன வண்டி என்று கேட்டார்கள். ஏர்பேக் பலூன் விரிந்ததா என்று கேட்டார்கள். வண்டியில் கேமரா இருந்தது யாருக்கோ ஞாபகம் வந்தது. வனிதாவின் தம்பி மணிகண்டன் அந்தப் பதிவைத் தன் போனுக்கு மாற்றினான். பந்தலில் ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கிப் பார்த்தார்கள். உள் அறையில் படுத்திருந்த ஜெயபிரகாஷுக்கு அக்காவின் குரல் திரும்பத் திரும்பக் கேட்டது. பக்கத்து வீட்டு டிவி ஓடுவது போலிருந்தது. நிறுத்தச் சொல்லத் தோன்றவில்லை. டீ வந்தது, குடித்தார். கடைசியில் வனிதாதான் எழுந்து போய்ப் போனைப் பிடுங்கி அணைத்தாள்.

ஆடி முடிந்ததும் மணிகண்டன் கார் புக் செய்தான். ஏற்காட்டில் லாட்ஜ் நடத்துகிறவன். வருகிறவர்கள் பார்வைக்கு நன்றாக இருக்க வேண்டும் என்பான். டெலிவரி எடுக்க மாமாவும் அக்காவும் வந்தே ஆக வேண்டும் என்று சேலம் ஷோரூமுக்கு அழைத்துப் போனான்.

"உங்குளுக்கு அப்படி ஆனதுக்கப்புறம் சேஃப்டி பாத்துத்தான் மாமா எடுக்கறேன். ரோட்டுல போட்ட கோட்டத் தாண்டுனா ஸ்டீயரிங் தானாத் திருப்பிக்கும். ஸ்கிரீனும் உங்குளுதவிட நொம்பப் பெருசு."

"பிரேக்கு எப்புடி மணி?"

"அதெல்லாம் கம்பெனிக்காரன் பாத்திருப்பான் மாமா."

"பெடல் கீழ போயிருச்சு மணி. காலுக்கடியில ஒண்ணுமே இல்ல."

மணிகண்டன் அவர் தோளில் கை வைத்தான். "விதி மாமா. விடுங்க." பிறகு விற்பனையாளர் பக்கம் திரும்பி, "உள்ள லைட்டு கலர் மாறுமின்னீங்களே, அத ஒருக்காக் காட்டுங்க" என்றான்.

வண்டி மேலிருந்த பட்டுத் துணியை இழுத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். ஜெயபிரகாஷும் தட்டினார். தட்டுவது தன் கைதானா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். கேக் துண்டு ஒன்றை மணிகண்டன் ஊட்டிவிட்டான். போட்டோவுக்கு நின்றார்கள்.

"ஏறுங்க மாமா, போலாம்."

"நாங்க பஸ்ஸுல வர்றோம் மணி" என்றாள் வனிதா.

மணிகண்டன் முகம் சுருங்கியது. "நல்ல நாளும் அதுவுமா ஏக்கா இப்படிப் பண்ற?" என்றான். ஜெயபிரகாஷ் ஏற்கெனவே ரோட்டுக்கு வந்திருந்தார்.

ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அடிவாரத்தில் மணிகண்டனின் கார் ஹாரன் அடித்துக்கொண்டு பஸ்ஸை முந்திப் போனது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"ஊட்டுல பாலு இருக்குதுங்களா?" என்று வனிதா கேட்டாள்.

"இல்ல. வாங்கோணும்."