அண்ணி குடிக்காத தண்ணீர்

அண்ணி வரப்போகிறாள் என்று தெரிந்ததிலிருந்து சிட்டுவுக்குக் கை ஓரிடத்தில் நிற்கவில்லை. அவர்கள் குடியிருக்கும் படகு அப்படி ஒன்றும் பெரிய படகு இல்லை. இந்தக் கோடியில் நின்று தும்மினால் அந்தக் கோடியில் இருப்பவர் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும். அதைத்தான் ஒரு வாரமாகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். முன்னறையை அடைத்துக்கொண்டிருந்த பாய்த்துணிகளையும் தையல் மெஷினையும் கரையில் தெரிந்தவர் கடைக்கு மாற்றினாள். மெத்தைக்குப் புது உறை தைத்தாள். தைத்ததைப் பிரித்து மறுபடியும் தைத்தாள்.

மற்றவர்களின் படகுகளுக்குக் கிழிந்த பாய் தைத்துக் கொடுப்பது சிட்டுவின் தொழில். அவள் கணவன் படகு எஞ்சின் மெக்கானிக். நகரத்தில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, இந்தப் பாய்மரப் படகை வாங்கி அதிலேயே குடியேறி இரண்டு வருஷம் ஆகிறது. விரிகுடாவில் நங்கூரம் போட்டு நிற்பார்கள். கரைக்குப் போய்வர, எஞ்சின் மாட்டிய ஒரு சின்ன ரப்பர் படகு. வெயிலில் இருந்து கரண்ட், மழையில் இருந்து பாதித் தண்ணீர். சிட்டுவுக்கு இந்த வாழ்க்கை பிடித்துத்தான் இருந்தது.

அந்த வீட்டை விற்றதுதான் வினை. அது கணவனின் அக்காவான இந்த அண்ணியின் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருந்தது. ஒருநாள் சாயங்காலம் அந்த வழியாகப் போன அக்கா, தம்பியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மணி அடித்தாள். முன்பின் தெரியாத யாரோ வந்து கதவைத் திறந்தார்கள். விற்ற விஷயம் அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு போனில் தம்பியோடு பேசுவாள். சிட்டு எடுத்தால் இரண்டு வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும். தம்பியின் மனசைக் கலைத்தது வந்தவள்தான் என்று அண்ணி முடிவு கட்டிவிட்டாள் என்பது சிட்டுவின் எண்ணம். உண்மையில் யோசனை முழுக்க அவள் கணவனுடையது. அக்காவிடம் நானே பக்குவமாகச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தவனும் அவனேதான்.

இப்போது, திடீரென்று, ஒரு வாரம் வந்து தங்கிவிட்டுப் போகிறோம் என்று அண்ணியே சொல்லிவிட்டாள்.

அண்ணி பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஹெட் நர்ஸ். அவள் வராந்தாவில் நடந்து வந்தால் டாக்டர்களே சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள் என்று அவள் கணவர் பெருமையாகச் சொல்லுவார். அவர் சர்வேயர். வாய் ஓயாத மனுஷர். ரப்பர் படகில் இருந்து பெரிய படகுக்கு ஏறும்போதே, "நீளம் பன்னெண்டு மீட்டர் வருமா மாப்ளே?" என்று கண்ணால் அளந்தார். அண்ணியோ, பிடிக்க வேண்டிய இடத்தைப் பிடித்து, காலை வைக்க வேண்டிய இடத்தில் வைத்து, யார் கையையும் எதிர்பாராமல் ஏறினாள்.

"வாங்க அண்ணி. முதல்ல ஜூஸ் குடிங்க, வெயில்ல வந்திருக்கீங்க."

"இப்ப எதுவும் வேணாம்மா."

அப்படி ஆரம்பித்தது. டீ போட்டால், "இப்பதானே சாப்பிட்டேன்." இளநீர் வெட்டினால், "அவருக்குக் கொடு." சாப்பிடும்போது பக்கத்தில் வைத்த தண்ணீரை உதட்டில் படுகிறமாதிரி தொட்டுவிட்டு வைத்துவிடுவாள். சாப்பாடும் கோழி கொத்துகிற மாதிரிதான். சர்வேயர் மூன்று டம்ளர் ஜூஸை மடமடவென்று குடித்துவிட்டு நாலாவதுக்குக் கை நீட்டினார். அண்ணியின் டம்ளர் மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது.

இரண்டாம் நாள் ராத்திரி பாத்திரம் கழுவும்போது சிட்டு கணவனிடம் சொன்னாள்: "உங்க அக்கா நம்ம வீட்டுல பச்சைத் தண்ணி கூடக் குடிக்கக் கூடாதுன்னு தீர்மானம் பண்ணிட்டு வந்திருக்காங்க."

"சும்மா இரு. தாகம் இல்லையோ என்னவோ."

"இந்த வெயில்லயா?"

அவன் துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தான். அக்கா விஷயம் வந்தாலே அவன் வாயில் கொழுக்கட்டை.

மூன்றாம் நாள் நல்ல காற்று. பாய் விரித்து, தெற்கே இருந்த ஆளில்லாத தீவு ஒன்றுக்குப் போனார்கள். பவளப்பாறை வளைத்துக் கட்டிய மதில் மாதிரி சுற்றி இருக்க, உள்ளே தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்ததுபோல அசையாமல் கிடந்தது. நங்கூரம் போட்டதும் சர்வேயர் துள்ளிக் குதித்து நீந்தப் போனார். அண்ணி படியில் இருந்து எழுந்தவள், கம்பத்தைப் பிடிக்கக் கை நீட்டி, பிடி கிடைக்காமல் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"கடல் ஒத்துக்கலை போல," என்றார் சர்வேயர், தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடி வந்து.

வரும் வழியெல்லாம் படகு ஆடியபோது கல்லுக் குண்டாக உட்கார்ந்திருந்தவளுக்கு, நின்ற பிறகு எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று சிட்டு யோசித்தாள். அண்ணியை முன்னறைக்குக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தாள். பக்கத்தில் இருந்து பார்த்தபோது உதடு தோல் உரிந்து வெடித்திருந்தது. சிட்டு எலுமிச்சை பிழிந்து, உப்பும் சர்க்கரையும் போட்டு ஒரு சொம்பு நிறையக் கலக்கிக்கொண்டு வந்தாள்.

"குடிங்க."

"வேணாம். கொஞ்ச நேரம் படுத்தா சரியாப் போயிடும்."

"என் கையால வாங்கிக் குடிக்கப் பிடிக்கலைன்னா உங்க வீட்டுக்காரரைக் கலக்கித் தரச் சொல்றேன். ஆனா குடிச்சே ஆகணும்."

அண்ணி கண்ணைத் திறந்தாள். "என்ன பேச்சு பேசறே நீ?"

"வந்ததுலேர்ந்து ஒரு டம்ளர் தண்ணி குடிக்கலை நீங்க. நான் வேற என்னன்னு நினைக்கிறது?"

 அண்ணி தலையைத் தூக்கி, ஆண்கள் இருவரும் மேல்தளத்தில்தான் இருக்கிறார்களா என்று காது கொடுத்துக் கேட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்க பாத்ரூம் கதவுல பலகைக்குப் பலகை சந்து. ரெண்டடி தள்ளி நீங்க மூணு பேரும் உக்காந்து சாப்பிடறீங்க. உள்ள போனா ஒவ்வொரு சத்தமும் வெளிய கேக்கும். போதாததுக்கு, போனதும் தண்ணி தள்ற அந்தக் கைப்பம்பு. அதைப் பிடிச்சு ஆட்டினா ஊரையே கூட்டற மாதிரி இருக்கு. முதல் நாள் போயிட்டு வெளிய வந்தேன், தம்பி தலையைக் குனிஞ்சு தட்டையே பாத்துக்கிட்டு இருக்கான். எனக்கு உசுரே போயிடுச்சு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "குடிச்சாத்தானே போகணும். அதான் குடிக்கலை."

சிட்டுவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

"அண்ணி, நீங்க நர்ஸு."

"தெரியுது. என் வார்டுல ஒருத்தி இப்படிப் பண்ணியிருந்தா கிழிச்சுத் தோரணம் கட்டியிருப்பேன்." சொல்லிவிட்டு அண்ணியும் சிரித்தாள். சிரித்ததில் தலை வலித்திருக்க வேண்டும். நெற்றியைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

"நான் வந்த புதுசுல என்ன பண்ணினேன் தெரியுமா? கரையில ஒரு அம்மா டீக்கடை வெச்சிருக்காங்க. ஒரு மாசம் அவங்க கடையில டீயாக் குடிச்சுத் தள்ளினேன். தன் டீக்கு இப்படி ஒரு ரசிகையான்னு அந்தம்மா பூரிச்சுப் போயிட்டாங்க. நான் போனது அவங்க பாத்ரூமுக்கு."

"இவன்கிட்ட சொல்லலையா?"

"புருஷனா இருந்தா மட்டும்? கட்டின புதுசு மாதிரிதான் கூச்சமா இருந்துச்சு."

அண்ணி சொம்பை வாங்கி, நிறுத்தி நிறுத்தி, முழுதும் குடித்து முடித்தாள். சிட்டு சிரிப்பைத் துடைத்துக்கொண்டே மேலே போய், "ரெண்டு பேரும் போய் மீன் பிடிச்சுட்டு வாங்க. ராத்திரிக்குக் குழம்பு வைக்கணும்," என்றாள்.

"இப்பவா? வெயில் உச்சியில நிக்குது," என்றான் கணவன்.

"இப்பதான் நல்லாப் பிடிக்கும்னு சொல்றாங்க."

யார் சொல்கிறார்கள் என்று அவன் கேட்பதற்குள் சர்வேயர் தூண்டிலோடு ரப்பர் படகில் இறங்கிவிட்டார்.

அன்றிலிருந்து இது ஓர் ஏற்பாடாகவே ஆகிவிட்டது. காலையில் டீ குடித்ததும் ஆண்கள் மீன் பிடிக்கக் கிளம்பிவிட வேண்டும். மற்ற நேரத்தில் அண்ணி சிட்டுவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தால், சிட்டு போய் எஞ்சினைப் போடுவாள். அது தடதடவென்று ஓடும். உள்ளே என்ன நடந்தாலும் வெளியில் கேட்காது.

"எதுக்கு எஞ்சின்? பேட்டரி ஃபுல்லா காட்டுதே," என்பான் கணவன்.

"எதுக்கும் கொஞ்சம் ஏறட்டும்."

ஊரில் உள்ள எஞ்சினையெல்லாம் பார்க்கிறவன், தன் எஞ்சினுக்கு என்ன வந்தது என்று மண்டையைக் குடைந்துகொண்டான். அண்ணிக்கு முகத்தில் ரத்தம் ஊறியது. பசி வந்தது. சமையலுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டே சிட்டுவுக்கு ஆஸ்பத்திரிக் கதைகளைச் சொன்னாள். சிட்டு படகின் பாயில் ஒரு கிழிசலைத் தைத்தபோது, எப்படித் தைப்பது என்று கேட்டு, ஊசியை வாங்கி இரண்டு தையல் போட்டுப் பார்த்தாள். "தோலு தைக்கிறது இதைவிட சுலபம்," என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

தீவை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில்தான் அது நடந்தது. ஆண்கள் வழக்கம்போலப் போயிருந்தார்கள். பெண்கள் இருவரும் மேல்தளத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"சிட்டு, அவங்க ஏன் சுத்திக்கிட்டே இருக்காங்க?" என்றாள் அண்ணி.

பாறை மதிலில் கடல் உள்ளே வந்துபோகும் இடைவெளி ஒன்று உண்டு. அதற்குப் பக்கத்தில் ரப்பர் படகு பம்பரம்போல மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சர்வேயர் சட்டையைக் கழற்றி வீசிக் காட்டினார். எஞ்சின் நின்றுவிட்டது என்பது சிட்டுவுக்குப் புரிந்தது. துடுப்புப் போடலாமே என்று நினைத்தவள், திரும்பிப் பார்த்தாள். வெயிலுக்குக் கட்டிய கூடாரத் துணிக்கு முட்டுக்கொடுக்க அவளே எடுத்து நிறுத்திய துடுப்பு கண்ணெதிரே நின்றது. ரப்பர் படகில் இருந்தது ஒற்றைத் துடுப்பு. ஒற்றைத் துடுப்பால் போட்டால் சுற்றத்தான் செய்யும். நீர் வடிகிற நேரம். நீரோட்டம் அவர்களை வெளிக்கடல் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

"அண்ணி, நான் நங்கூரத்தைத் தூக்கணும். நீங்க சுக்கானைப் பிடிக்கணும்."

"நான் சைக்கிள் கூட ஓட்டினதில்லை."

"வேகமாப் போக வேணாம். சக்கரத்தைக் கொஞ்சமாத் திருப்புங்க, திருப்பினதும் உடனே திரும்பாது, கொஞ்சம் பொறுத்துத்தான் திரும்பும். அவசரப்பட்டு இன்னும் திருப்பிடாதீங்க."

"ஸ்ட்ரெச்சர் மாதிரி," என்றாள் அண்ணி.

"அப்படித்தான் வெச்சுக்கோங்க."

சிட்டு எஞ்சினைப் போட்டுவிட்டு முன்பக்கம் ஓடினாள். நங்கூரச் சங்கிலியைக் கைப்பிடியால் இழுத்து ஏற்ற வேண்டும். தோள் கழன்றுவிடும்போல இருந்தது. ஏறியதும் கையைக் காட்டினாள். அண்ணி செருப்பை உதறிவிட்டுச் சக்கரத்துக்குப் பின்னால் கால் அகட்டி நின்றாள். சிட்டு பாறையைப் பார்த்துக்கொண்டு கையை இடமும் வலமும் காட்ட, அண்ணி அதைப் பார்த்துத் திருப்பினாள். படகு ஒரு முறைகூடத் திமிறவில்லை. நோயாளியின் தலை இடிக்காமல் திருப்பம் திரும்புகிறமாதிரி, மெல்ல வளைந்து, ரப்பர் படகின் பக்கத்தில் போய் நின்றது. சிட்டு கயிற்றை வீசினாள். கணவன் பிடித்துக்கொண்டான்.

மேலே ஏறி, படகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து நங்கூரம் போட்டதும் முதல் காரியமாக அவன் விளக்கம் சொன்னான்: மாமாவின் தூண்டில் நரம்பு எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டது. "நான் எஞ்சின் மேல எந்தத் தப்பும் சொல்ல மாட்டேன்," என்றார் சர்வேயர், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு. "எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். நாலு நாளா ஒரு மீன் சிக்கலை. தினமும் எதுக்கு எங்களைத் துரத்தித் துரத்தி மீன் பிடிக்க அனுப்பினீங்க?"

சிட்டு அண்ணியைப் பார்த்தாள். ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். அண்ணி சக்கரத்தில் இருந்து கையை எடுக்காமல், வார்டு ரிப்போர்ட் கொடுக்கிற குரலில், கதவு, பம்பு, குடிக்காத தண்ணீர், எஞ்சின் சத்தம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். சர்வேயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா."

"நீ வீட்டை வித்ததை என்கிட்ட சொன்னியா?"

எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சிட்டு போய் அதை அணைத்தாள். 

"நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா எனக்கு விக்க மனசு வராதுக்கா. அதான்," என்றான் அவன்.

"வேற யாரோ வந்து கதவைத் திறந்தாங்கடா. உனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன். அந்த ஒரு நிமிஷம் போதும் எனக்கு." அண்ணி தாவணியை இழுத்துச் செருகுகிறமாதிரி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இவதான் சொல்லவிடலைன்னு நினைச்சேன்."

"அவ தினமும் சொல்லச் சொன்னா. சொன்னியா சொன்னியான்னு பிடுங்கி எடுத்தா."

அண்ணி சிட்டுவின் பக்கம் திரும்பினாள். மன்னிப்புக் கேட்கிற ரகம் இல்லை அவள், சிட்டுவும் எதிர்பார்க்கவில்லை. அருகே வந்து சிட்டுவின் வலது கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். நங்கூரம் இழுத்ததில் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. "மருந்துப் பெட்டி எங்க இருக்கு?" என்று கேட்டு, எடுத்து வந்து, கழுவி, மருந்து போட்டு, மணிக்கட்டு வரைக்கும் கட்டிவிட்டாள். சமையல் இன்றைக்கு ஆண்கள்தான் என்றும் அறிவித்துவிட்டாள். முட்டையும் ரொட்டியும் கிடைத்தன. ரொட்டி ஒருபக்கம் கரிந்திருந்தது. அண்ணி அதைச் சாப்பிட்டுவிட்டு, எதிரே தம்பி உட்கார்ந்திருக்கும்போதே எழுந்து பாத்ரூமுக்குப் போனாள். பம்பு ஊரைக் கூட்டியது. தம்பி தட்டைப் பார்க்கவில்லை. மாமாவிடம் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சத்தமாக விளக்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் விரிகுடாவுக்குத் திரும்பினார்கள். கிளம்ப வேண்டிய அன்று எல்லோரும் சாமானோடு துறைக்கு வந்தார்கள். கார் இன்னும் வரவில்லை. தரையில் கால் வைத்ததும் அண்ணி தடுமாறினாள். "நிலம் ஆடுது," என்றாள் ஆச்சரியத்தோடு. ஒரு வாரம் கடலில் இருந்தால் அப்படித்தான் இருக்கும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும் என்று சிட்டு சொன்னாள். இருவரும் துறைப் படியில் உட்கார்ந்தார்கள். அண்ணி கண்ணை மூடிச் சிட்டுவின் தோளில் தலையைச் சாய்த்தாள். சற்று நேரத்தில் மூச்சு சீராகியது, தூங்கிவிட்டாள். சர்வேயர் பேசாமல் நின்று சிட்டு பார்த்தது அதுதான் முதல் தடவை.

கார் வந்தது. டிரைவர் ஹாரன் அடிக்கப் போனதை அவர் கையமர்த்தி நிறுத்திவிட்டு, பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சிட்டுவின் கணவன், அக்காவின் முகத்தில் வெயில் படாதபடி கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டான்.