முதல் இருபத்தைந்து சதவீதம்

எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை. என் அப்பா தேர்வுக் குழுவில் இருந்தபோது நேர்காணலுக்கு வந்தவர்களில் அவருடைய தங்கை மகனும் ஒருவன். அப்பா எழுந்து வெளியே போகவில்லை. உட்கார்ந்து, மற்றவர்களிடம் கேட்டதைவிடக் கடினமான கேள்வியை அவனிடம் கேட்டார். அவனுக்கு வேலை கிடைக்கவில்லை. அத்தை பத்து வருடம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அதை நாங்கள் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டோம்.

அதனால் அண்ணன் மகள் என்னிடம் வந்து, "சித்தப்பா, ரெக்கமெண்டேஷன் லெட்டர் நீங்கதான் தரணும்" என்றபோது நான் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"வேற யாராவது தரட்டும்."

"நேரடி மேலதிகாரியா ரெண்டு வருஷமாவது இருந்தவர் தரணும்னு போட்டிருக்கான். நாலு வருஷம் எனக்கு மேல இருந்தது நீங்க. உங்க இடத்துக்கு வந்தவருக்கு என் பேரே சரியாத் தெரியாது."

அது உண்மை. பம்பு செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். பொருத்தும் பிரிவுக்குத் தலைவனாக ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. கடைசி நான்கு வருடம் அவள் என் பிரிவில் பொறியாளர். வீட்டில் சித்தப்பா, தொழிற்சாலை வாசலைத் தாண்டினால் சார். ஒரே பஸ்ஸில் போவோம். தனித்தனி இருக்கையில் உட்காருவோம். அங்கே எனக்கு அடிஸ்கேல் என்று பட்டப்பெயர். எனக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அண்ணனும் அண்ணியும் ஒரே வருடத்தில் போய்விட்ட பிறகு, பதினான்கு வயதில் அவள் என் வீட்டுக்கு வந்தாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதன் காரணம் இங்கே வேண்டாம். பதினாறு வருடமாக இந்த வீட்டில் நாங்கள் இருவர்தான்.

போன வருடம், நான் ஓய்வு பெற்ற கையோடு, அவளுக்கு மூன்று வருடம் பின்னால் சேர்ந்த ஒருவனை அவளுக்கு மேலே உட்காரவைத்தார்கள். அவனிடம் மேலாண்மைப் பட்டம் இருந்தது, அவளிடம் இல்லை. அவள் சண்டை போடவில்லை. இன்ஜினியரிங் மேனேஜ்மென்ட் மேற்படிப்புக்கு ஐந்து பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுத்தாள்.

"இந்த ஒரு வருஷம்தான் சித்தப்பா. கிடைக்கலைன்னா அவனுக்கு காபில சர்க்கரை எத்தனை ஸ்பூன்னு கேட்டுட்டு இங்கயே காலத்தை ஓட்டிடறேன்."

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டியிருந்தாள். புது இயந்திரம் வாங்குமுன் தொழிற்சாலையில் ஒப்பீட்டு அட்டவணை போடுவோமே, அதே மாதிரி. ஐந்து பத்திகள், பல்கலைக்கழகத்துக்கு ஒன்று. இடப்பக்கம் பாடத்திட்டம், தொழிற்சாலைப் பயிற்சி, பேராசிரியர்கள், பிறகு கிடைக்கும் வேலை, தூரம். ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்று பத்துக்கு ஒரு மதிப்பெண், எல்லாம் பென்சிலில். முதல் பத்தி இருப்பதிலேயே தூரமானது, விமானத்தில் போக வேண்டும். படிப்பு முழுக்க உற்பத்தியும் தரமும். கடைசிப் பத்தி ரயிலில் ஐந்து மணி நேரம். பாதிப் படிப்பு வணிகக் கல்லூரியில். இந்த இரண்டுக்கும் நடுவில் அவள் ஊசலாடிக்கொண்டிருந்தாள்.

"இதா அதான்னு முடிவு பண்றதுக்குள்ள எனக்கு நரைச்சிடும்."

"ரெண்டு பேரும் வாசல்ல வந்து கூப்பிடற மாதிரி பேசற."

"கூப்பிட மாட்டாங்கன்னு நினைக்கறீங்களா?"

"நான் ஒண்ணும் நினைக்கல."

ஒரு மாலை தண்ணீர் எடுக்கப் போனபோது தாளின் கடைசி வரியைப் பார்த்தேன். தூரம் என்பதற்கு எதிரே பூஜ்யம். நான் தண்ணீர் எடுக்காமலே வந்து உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை, அவள் வேலைக்குப் போன பிறகு, ஐந்து படிவங்களையும் நிரப்பினேன். விண்ணப்பிப்பவரை எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு, என் கீழ் நான்கு வருடம் வேலை பார்த்தவர், என் அண்ணன் மகள், என் வீட்டில் வளர்ந்தவர் என்று எழுதினேன். மறைத்து எழுதுவது நம் பழக்கமில்லை. அதன் கீழே எட்டுக் கேள்விகள். உங்களிடம் வேலை பார்த்தவர்களில் இவர் எந்த இடம்? முதல் ஒரு சதவீதம், முதல் ஐந்து, முதல் பத்து, முதல் இருபத்தைந்து, அதற்கும் கீழே.

சொந்தப் பெண் என்று மேலே எழுதிவிட்டுக் கீழே ஆகா ஓகோ என்று டிக் போட்டால் படிக்கிறவன் என்ன நினைப்பான்? ஏழு கேள்விக்கு இருபத்தைந்தில் போட்டேன். நேரம் தவறாமை ஒன்றுக்குப் பத்து; அதற்கு வருகைப் பதிவேடு சாட்சி. ஐந்து பல்கலைக்கழகத்துக்கும் ஒரே மாதிரி.

"போட்டாச்சா?" என்று மாலையில் கேட்டாள்.

"போட்டாச்சு."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் கைப்பேசியைக் கவிழ்த்து வைப்பாள். அது அதிர்ந்தால் இருவரும் மெல்லுவதை நிறுத்துவோம். பெரும்பாலும் ஏதாவது விளம்பரமாக இருக்கும். ஆறாவது வாரம் ஒரு காலை, எழுந்து போய்த் தாளில் இரண்டாவது பத்தியைக் குறுக்கே அடித்தாள். பத்து நாளில் நான்காவது போயிற்று. அதற்கு அடுத்த வாரம் மூன்றாவது.

"என்ன குறைன்னு சொல்றதில்லை" என்றாள். "சொன்னாலாவது சரி பண்ணலாம்."

நான் செய்தித்தாளைத் திருப்பினேன்.

மாலையில் பூங்காவில் நடக்கும்போது என்னோடு வருபவர் ஸ்டோர்ஸ்காரர். தொழிற்சாலையில் சரக்கு அறையைப் பார்த்துக்கொண்டவர். அவருடைய மருமகன் ஒரு கல்லூரியில் சேர்க்கைக் குழுவில் இருக்கிறான். பேச்சுவாக்கில் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் நடப்பதை நிறுத்தினார்.

"இருபத்தஞ்சா? மாப்பிள்ளை சொல்லுவார், ஊர்ல இருக்கற மண்ணாந்தைக்குக்கூட ஒண்ணோ அஞ்சோ போட்டுத்தான் அனுப்பறாங்களாம். இருபத்தஞ்சுன்னா, ஐயா இந்த ஆளை எடுத்துடாதீங்கன்னு அர்த்தமாம்."

"நாலுல ஒருத்தர்னா மோசமா?"

"நீங்க என்ன நினைச்சுப் போட்டீங்கங்கறது அங்க யாருக்குத் தெரியும்? சொந்தச் சித்தப்பனே இவ்வளவுதான் சொல்றான்னு நினைப்பான்."

அன்று பூங்காவை மூன்று சுற்று அதிகமாகச் சுற்றினேன். அவர் இரண்டாவது சுற்றிலேயே வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள், மிச்சமிருந்த இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் போன் செய்தேன். அனுப்பிய படிவத்தை மாற்ற முடியாது, தனியாகக் கடிதம் அனுப்பலாம், ஏன் மாற்றுகிறீர்கள் என்று காரணம் எழுத வேண்டும் என்றார்கள். ஒரு முறை சோதனை அறிக்கையில் நான் போட்ட எண்ணை மாற்றச் சொல்லிப் பெரிய மேலாளரே வந்து நின்றபோது, கையெழுத்துப் போட்டது போட்டதுதான் என்று சொல்லி அனுப்பியவன் நான். மேசையில் உட்கார்ந்து எழுதினேன். முதலில் அனுப்பியது உண்மையல்ல. உறவினர் என்பதால் குறைத்துப் போட்டேன். அந்த வாக்கியத்துக்கு அரை நாள் பிடித்தது. மீதி சுலபமாக வந்தது. அன்றே அனுப்பினேன்.

அவளிடம் மறுநாள் காலையில் சொன்னேன். வாசலருகே ஸ்டூலில் உட்கார்ந்து சேஃப்டி ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.

"படிவத்துல உனக்கு இருபத்தஞ்சு போட்டேன்."

"எதுல?"

"எல்லாத்துலயும். நேரத்துக்கு வர்றதுக்கு மட்டும் பத்து."

லேஸில் கை நின்றது. "அஞ்சு இடத்துக்குமா?"

"அஞ்சுக்கும். இப்ப ரெண்டு இடத்துக்குத் திருத்தி எழுதியிருக்கேன்."

ஒரு ஷூவைக் கட்டி முடித்து, அடுத்ததையும் கட்டினாள். "வருஷா வருஷம் ரிப்போர்ட்ல எனக்கு 'நன்று'ன்னுதான் போட்டீங்க. அதை 'மிக நன்று'ன்னு படிச்சுக்க நான் பழகிட்டேன். அவங்களுக்கு அப்படிப் படிக்கத் தெரியாதே, சித்தப்பா."

"இன்னொண்ணும் சொல்லிடறேன். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததுக்கு அப்புறம்தான் போட்டேன்."

"எந்தப் பூஜ்யம்?"

"தூரம்."

அவள் எழுந்து நின்றாள். "தூரத்துக்கு மார்க் போட்டா ஒவ்வொரு தடவையும் ரயில்ல போற இடம்தான் ஜெயிச்சுது. படிப்பைப் பார்த்து முடிவு பண்ணணும்னு அதை எடுத்துட்டேன். போய் நல்லாப் பாருங்க."

பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. போய்விட்டாள். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். பூஜ்யத்துக்கு இடப்பக்கம் ரப்பரால் தேய்த்த தடம். அங்கே ஒன்று என்ற எண் இருந்திருக்கிறது.

அன்று மாலை திரும்பி வந்தவள், "சார், பின்கதவு சாவி எங்கே?" என்றாள்.

பதினோரு நாள் அப்படியே போயிற்று. சார், சாப்பாடு இருக்கு. சார், லைட்டை அணைச்சிடவா? கோபமாகச் சொல்லவில்லை. தொழிற்சாலையில் எப்படிச் சொல்வாளோ அப்படி. அந்தச் சொல்லை அவளுக்குப் பழக்கியது நான்தான்.

பன்னிரண்டாம் நாள் காலை கைப்பேசியை என் முன்னால் வைத்தாள். முதல் பத்தி அவளை எடுத்துக்கொண்டுவிட்டது. கடைசிப் பத்தி காத்திருப்போர் பட்டியலில் போட்டிருந்தது.

"தேதியைப் பாருங்க சார். உங்க ரெண்டாவது லெட்டர் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி முடிவு பண்ணியிருக்காங்க. இருபத்தஞ்சை வெச்சுக்கிட்டே எடுத்திருக்காங்க."

"நல்லது."

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரின்னு சொல்லணும். இல்லைன்னா ரயில்ல போற இடத்துக்குக் காத்திருக்கலாம். வந்தாலும் வரும்." நின்றுகொண்டே இருந்தாள். "காத்திருக்கட்டுமா?"

காத்திரு என்று சொல்ல வாயெடுத்தேன். ஐந்து மணி நேரம் என்றால் சனிக்கிழமை கிளம்பினால் ஞாயிறு திரும்பிவிடலாம்.

"உன் தாள் என்ன சொல்லுது?"

"முதல் பத்தி."

"அப்புறம் என்ன கேள்வி? எடுத்துக்கோ."

"அவ்வளவுதானா?"

எழுந்து போய் இழுப்பறையிலிருந்து அந்தக் கடிதத்தின் நகலை எடுத்து வந்து கொடுத்தேன். முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வராது. அவள் ஜன்னலருகே நின்று படித்தாள். முப்பத்தொரு வருடத்தில் என் கீழ் வேலை பார்த்த நானூற்றுப் பன்னிரண்டு பேரில் இவர் முதலாமவர் என்ற வரியில் வெகுநேரம் நின்றாள்.

"நானூத்திப் பன்னெண்டு பேரையும் எண்ணினீங்களா?"

"எண்ணாம எழுதுவேனா?"

"இதுல அடிஸ்கேலும் சேர்த்தியா, சித்தப்பா?"

"நான் எனக்குக் கீழ வேலை பார்க்கல."

அவள் சிரித்தாள். நகலை நான்காக மடித்து, கேட்காமலே எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் கிளம்பி ஒன்பது நாள் ஆகிறது. நேற்று பூங்காவில் ஸ்டோர்ஸ்காரர், "உங்க ரெண்டாவது லெட்டர் வேலை செஞ்சிடுச்சு போல" என்றார்.

"இல்லை. அது போறதுக்கு முன்னாடியே எடுத்துட்டாங்க" என்றேன்.

எங்கள் வீட்டில் சிபாரிசில் போனவர் யாருமில்லை என்று இன்றைக்கும் நிமிர்ந்து சொல்லலாம். திரும்பி நடந்தபோது, இதை அவளிடம் சொன்னால் என்ன கிண்டல் செய்வாள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அங்கே அவள் வகுப்பில் இருக்கும் நேரம். சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தேன். விளக்கைப் போட்டேன். தாள் இன்னும் ஃப்ரிட்ஜ் கதவில்தான் இருக்கிறது. கதவைத் திறக்கும்போது அது கசங்காமல் விரலால் பிடித்துக்கொண்டு தண்ணீர் எடுத்தேன்.