ஒடுக்கு எடுப்பவர்

காரில் விழுந்த ஒடுக்கு இன்றைக்கே போயாக வேண்டும், பெயிண்ட் மெதுவாக ஆகட்டும் என்று வண்டியைக் கொண்டுவந்த டிரைவர் சொன்னபோதே டிங்கருக்கு உறைத்திருக்க வேண்டும். இருபத்தாறு வருடமாகக் கார்த் தகட்டை அடித்து நிமிர்த்துகிறவர் அவர். அவசரப்படுகிற ஆள் எல்லாவற்றுக்கும்தான் அவசரப்படுவான். பாதி வேலைக்கு மட்டும் பறக்கிறவனை அவர் பார்த்ததில்லை. இருந்தாலும் காலை ஒன்பது மணிக்கு, வயிறு நிறைந்து கை சும்மா இருக்கிற நேரத்தில், யார் இதையெல்லாம் யோசிக்கிறார்கள்? "மாடு குறுக்க வந்துடுச்சு," என்றான் டிரைவர். ஒர்க்‌ஷாப் முதலாளி தலையாட்டினார். டிங்கரும் ஆட்டிவைத்தார்.

மாடு இல்லை என்பது குனிந்து பார்த்ததுமே தெரிந்தது. மாடு என்றால் முன்பக்கக் கிரில் உள்ளே போயிருக்கும், இடுக்கில் ரோமம் ஒட்டியிருக்கும். கம்பம் என்றால் தகடு மடிந்திருக்கும். இதுவோ பானெட்டின் இடது ஓரத்தில், பெயிண்டில் ஒரு கீறல்கூட இல்லாமல், யாரோ தலைவைத்துப் படுத்து எழுந்துபோன தலையணை மாதிரி அமுங்கியிருந்தது. இப்படி ஏழெட்டு வண்டிகள் அவர் கைக்கு வந்திருக்கின்றன. கேட்டால் பதில் வராது, வேலைதான் போகும். எவனோ, எங்கேயோ, நமக்கென்ன என்று கண்டும் காணாமல் சுத்தியலை எடுப்பது அவர் வழக்கம். அன்றும் எடுத்தார்.

அடியில் இரும்புக்கட்டியைத் தாங்கக் கொடுத்து, மேலே ஓர் அடி, பிறகு ஒரு சும்மா தட்டு, மறுபடி அடி. அந்தச் சும்மா தட்டில்தான் கை இளைப்பாறும், காது வேலை செய்யும். அமுங்கிய தகடு செவிட்டுச் சத்தம் போடும். நிமிர நிமிரச் சத்தம் திறந்துகொண்டே வரும். மற்ற நாளென்றால் ஷெட்டின் அந்தக் கோடியில் பெயிண்டர் இதே கதிக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டு, "அண்ணே, தாளம் தப்புது," என்று வம்புக்கு இழுப்பான். பதினோரு வருடமாக ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள். அன்று அவனைக் காணோம். சொல்லாமல் லீவு போடுகிற ஆளும் இல்லை. கிண்டல் பண்ண ஆளில்லாததால் டிங்கர் இன்னும் நிதானமாக, உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகவே அடித்தார். பன்னிரண்டு மணிக்குள் ஒடுக்கு போய்விட்டது. மேல் பெயிண்டைச் சுரண்டி வெறும் தகடாக்கிவிட்டு, தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டார்.

ஒரு மணிக்குப் பெயிண்டரிடமிருந்து போன் வந்தது. "அண்ணே, வீட்டுக்காரியை எவனோ கார்ல அடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டாண்ணே. விடியக்காலையில வேலைக்குப் போறப்ப. ஆஸ்பத்திரியில இருக்கோம்." டிங்கர் பதறிப்போனார். முதலாளியிடம் சொன்னார். வேலை முடிந்ததும் போய்ப் பார்ப்பதென்று முடிவாயிற்று. சத்தியமாக, அப்போதுகூட அவருக்கு இது வேறு அது வேறாகத்தான் இருந்தது.

மூன்று மணிக்குப் பம்பரைத் திரும்ப மாட்டும்போது பின்னால் ஏதோ தடுத்தது. விரலை விட்டு இழுத்தார். மெரூன் நிற ரெக்சின், மஞ்சள் நூல் தையல். ஒரு பையின் அறுந்துபோன காது. சீட் கவர் தைத்ததில் மிஞ்சிய அந்த ரெக்சினைப் போன வருடம் பெயிண்டரிடம் கொடுத்தனுப்பியதே இவர்தான். அவன் மனைவி அதில் இரண்டு பை தைத்தாள், தனக்கொன்று, இவருக்கொன்று. இவருடைய சாப்பாட்டுப் பை எதிரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. டிங்கர் அறுந்த காதை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனார்.

கண்ணாடி அறைக்குள் முதலாளி அந்தக் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாடுன்னுதானே சொன்னாங்க. மாடுன்னே வச்சுக்க."

"முதலாளி, இது நம்ம பெயிண்டர் பொண்டாட்டியோட பை."

"தெரியுதுய்யா. எனக்கு மட்டும் நெஞ்சு கல்லா? போ, போய்ச் சொல்லு. போலீஸ்காரன் வந்து ஒடுக்கு எங்கேன்னு கேப்பான். யார் எடுத்தான்னு கேப்பான். அடிச்சு எடுத்தது யாரு, நானா?"

முதலாளி மேல் பொங்கிய கோபம் பாதி வழியிலேயே திரும்பித் தன் மேல் விழுந்தது டிங்கருக்கு. மாடில்லை என்று தெரிந்துதானே அடித்தார்? எவன் பெண்டாட்டியோ என்றால் அடிக்கலாமா? முதலாளி பைக்காதை டிராயரில் போட்டுப் பூட்டினார். டிங்கர் தடுக்கவில்லை. அதை நினைத்துத்தான் பின்னால் அவர் அதிகம் குமைந்தார்.

மூன்றாம் நாள் அவள் செத்துப்போனாள். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் டிங்கர் பெயிண்டர் வீட்டுக்குப் போனார்; வாசல்வரைக்கும் வார்த்தைகள் வரிசையாக இருந்தன. பெயிண்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "உடனே தூக்கியிருந்தா பொழச்சிருப்பாளாம்ண்ணே. டாக்டர் சொல்றாரு. எந்த வண்டின்னு மட்டும் தெரிஞ்சா போதும். நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். தெரிஞ்சா போதும்." டிங்கர் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பி வந்தார்.

நாளைகள் போயின. வண்டி கவர் போட்டு மூலையில் நின்றது. வியாழக்கிழமை அதை வேறு ஷெட்டுக்கு அனுப்பிவிடுவதாக முதலாளி சொன்னார். அது போய்விட்டால் சொல்வது சுலபம் என்றுகூட டிங்கருக்குத் தோன்றியது. எதையும் காட்ட வேண்டியதில்லையே. கோழைக்கு வருகிற யோசனைகளுக்குக் குறைச்சலா?

புதன்கிழமை காலையில் பெயிண்டர் வந்து நின்றான். "வீட்ல உக்கார முடியலண்ணே. எதைத் தொட்டாலும் அவ வச்ச இடம்." பாக்கி இருந்த பெயிண்ட் வேலை அந்த மூலை வண்டி ஒன்றுதான். யாரும் சொல்வதற்குள் கவரை உருவிவிட்டான். கண்ணாடி அறைக்குள் முதலாளி எழுந்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார்.

பெயிண்டர் உள்ளங்கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். பள்ளம் நிரப்பும் பட்டியைப் பூசுவதற்கு முன் தகட்டைக் கண்ணால் பார்க்கிற பழக்கமே அவனுக்கில்லை. கண் ஏமாற்றிவிடும் என்பான். கண்ணை மூடி, விரல்களை விரித்து, பானெட்டின் வலது கோடியிலிருந்து தடவிக்கொண்டே வந்தான்.

"எங்கண்ணே அடி? கையில ஒண்ணுமே தட்டலையே."

"இடது ஓரம்."

"இங்கயா? அட, பட்டியே வேண்டாம் போலிருக்கே." பத்து நாளில் முதல்முறையாக அவன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. "உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்ண்ணே. என்னத்த இடிச்சானாம்?"

இப்போது சொல்லிவிடலாம். இதைவிட நேராக யாரும் கேட்கப்போவதில்லை.

"மாடு," என்றார்.

பெயிண்டர் கண்ணைத் திறக்கவில்லை. கை மட்டும் நின்றது.

"ஐயோ பாவம். செத்துப்போச்சாண்ணே?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தபடியே, அந்த இடத்தை மறுபடியும் மெதுவாகத் தடவினான்.