வங்கிக்கு வைத்த நூறு ரூபாய்

என் வீட்டுக்காரரைப் போல மரியாதை தெரிந்த மனிதர் பீளமேட்டிலேயே கிடையாது. அந்த மரியாதைதான் என் வாயில் மண்ணைப் போடப் பார்த்தது.

நான் வீட்டில் பிஸ்கட் சுட்டு விற்பவள். பெண்கள் விடுதி நடத்தும் நஃபீசா அக்கா, தீபாவளிக்கு ஊருக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கொடுக்க முந்நூறு பெட்டி பிஸ்கட் கேட்டிருந்தார். பெரிய ஆர்டர். வாயெல்லாம் பல்லாகத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஓவன் ஞாபகம் வந்தது. அது ஒரு பக்கம் கருக்கும், மறுபக்கம் பச்சையாக விடும். புதுசு நாற்பத்தைந்தாயிரம். அதை வாங்காவிட்டால் ஆர்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

கிரெடிட் கார்டில் வாங்கிப் போட்டுவிட்டு மெதுவாகக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கார்டு அவர் பெயரில். அதிலேயே எனக்கும் ஒன்று சேர்த்து வாங்கிக் கொடுத்திருந்தார். மைதா, வெண்ணெய் எல்லாம் அதில்தான் வாங்குவேன். வாங்கியதற்கு உண்டான பணத்தை மாதம் பிறந்ததும் அவர் கையில் கொடுத்துவிடுவேன்.

கார்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் போனை எடுத்துப் பில்லைத் திறந்தேன். வட்டி என்று ஒரு வரி இருந்தது. முந்தின மாதத்தைத் திறந்தால் அங்கேயும் வட்டி. அதற்கு முந்தியும் அதே கதை. ஏழெட்டு மாதமாக, மாதம் தவறாமல் ஆயிரத்துச் சொச்சம். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

அவர் தட்டில் இருந்த சந்தகையில், எங்கள் ஊர் இடியாப்பத்தில், தேங்காய்ப்பாலை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மாமா, கார்டு பில்லை முழுசாக் கட்டறதில்லீங்களா?"

"கட்டறனே. நூறு ரூவா மட்டும் வெச்சுட்டு மிச்சத்தைக் கட்டிப்போடுவேன்."

"எதுக்கு அந்த நூறு ரூவா?"

"இதென்ன கேள்வி அம்மணி? சுத்தமாத் தீத்துப்போட்டா, இனி உன்ற சகவாசமே வேண்டாம்னு சொன்னாப்பல ஆயிருமல்ல?"

அவருக்குக் கணபதியில் மோட்டார் சாமான் கடை. சரக்குக் கொடுக்கிறவரில் இருந்து டீக்கடைக்காரர் வரை யார் கணக்கையும் முழுசாகத் தீர்க்க மாட்டார். அவர் பழகிய ஆட்களுக்குள் அது ஒரு வழக்கம். ஒரு தடவை தெரியாத்தனமாக எல்லாவற்றையும் கட்டிவிட்டு வந்ததற்கு, பட்டறைக்காரர் கதிரேசன் பதறிக்கொண்டு வீட்டுக்கே வந்து, "எம்மேல ஏதாச்சும் வருத்தமுங்களா?" என்று கேட்டார். நாளைக்கும் உன் கடைக்கு வருவேன் என்பதற்குத்தான் அந்த நூறு ரூபாய். நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வங்கி என்ன எங்களுக்கு மாமனா மச்சானா?

வங்கியின் உதவி எண்ணை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, போனை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு பெண் எடுத்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள்.

"சார், நூறு ரூபாய் பாக்கி இருந்தாலும், நீங்க வாங்கின மொத்தத்துக்கும் வாங்கின நாள்ல இருந்தே வட்டி உண்டு. புதுசா வாங்கறதுக்கும் உடனே வட்டி ஓட ஆரம்பிச்சுடும்."

"நூறுதானுங்க பாக்கி?"

"வட்டி நூறுக்கு மட்டும் இல்லைங்க சார்."

"மரியாதைக்கு வெச்சதுங்க அம்மணி அது."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினாள். "முழுசாக் கட்டிடுங்க சார். அடுத்த பில்லுல கடைசியாக் கொஞ்சம் வட்டி வரும். அதையும் கட்டிட்டா அப்புறம் வராது. நாங்க கோவிச்சுக்க மாட்டோம்."

போனை வைத்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "இத்தனை மாசமா பில்லு ஜாஸ்தியா வருதே, கண்ணு தெரியலீங்களா? இந்த ஆயிரம் ரூவா எங்கிருந்து வருதுன்னு ஒரு நாளாச்சும் யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன்" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"என்னன்னு?"

"நீ உனக்குன்னு ஏதோ வாங்கறயாட்ட இருக்குதுன்னு நெனச்சுப்போட்டேன்."

"நானா?"

"சீலை கீலை ஏதாச்சும். நீயா உனக்குன்னு ஒண்ணு வாங்கி நான் பாத்ததே இல்ல. எங்கிட்டச் சொல்லக் கூச்சப்பட்டுட்டு வாங்கறயாக்கும், கேட்டா அதையும் உட்டுப்போடுவியோன்னு கேக்கல. நானே சேத்துக் கட்டிப்போட்டேன்."

திட்டுவதற்கு நாக்கு நுனியில் வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்றோ. நான் எடுக்கவே எடுக்காத சேலைக்கு இந்த மனிதர் மாதாமாதம் பணம் கட்டியிருக்கிறார், அதுவும் சந்தோஷமாக. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. கல்யாணமான புதிதில்கூட அவர் மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்ததில்லை. நான் சிரிப்பதைப் பார்த்து அவருக்கும் சிரிப்பு வந்து, தேங்காய்ப்பால் புரையேறிவிட்டது.

கை கழுவிக்கொண்டு வந்து, முழுப் பணத்தையும் கட்டினார். "கட்டிப்போட்டேன். மனசுக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்குது" என்றார்.

கார்டில் ஓவன் வாங்க நினைத்திருந்ததை அவரிடம் சொல்லி, "நூறு ரூவா வெச்சதுக்கே இந்த வட்டின்னா, நாப்பத்தஞ்சாயிரத்துக்கு?" என்றேன். கார்டில் ஓவன் வாங்கும் பேச்சு அதோடு போயிற்று.

"நஃபீசா அக்காகிட்ட முன்பணம் கேக்கலாமே" என்றார்.

"அதெப்படிங்க கேக்கறது? தப்பா நெனச்சுக்குவாங்க."

சொல்லி வாயை மூடுவதற்குள் எனக்கே வெட்கமாகிவிட்டது. அத்தனை நேரம் அவரை எதற்குத் திட்டினேனோ, அதே வியாதி எனக்கும் இருந்திருக்கிறது. அவர் ஒன்றும் தெரியாதவர் போலக் கூரையைப் பார்த்தார். அந்தக் குசும்பு தாங்காமல் போனை எடுத்தேன்.

"அக்கா, புது ஓவன் வாங்கோணும். பாதிப் பணம் முன்னாடியே குடுக்க முடியுங்களா?"

"அப்பாடா" என்றார் நஃபீசா அக்கா. "கேக்காமப் போயிட்டயே, செய்வயோ மாட்டயோன்னு ஒரு வாரமா எனக்கு ஒரே ரோசனை. இப்பவே போட்டு உடறேன் இரு."

நான் போனைக் கீழே வைப்பதற்குள் பணம் வந்துவிட்டது. பாதிப் பணம் ஓவனுக்குச் சரியாக இருந்தது. மைதாவுக்கும் வெண்ணெய்க்கும் என் கையில் இருந்தது. சமையலறையில் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தேன். கீழ்வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

அவர் கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "தீவாளிக்கு உனக்குன்னு நல்லதா ஒரு சீலை எடு அம்மணி. நான் ஒண்ணுமே கேக்க மாட்டேன்."

"கேளுங்க மாமா" என்றேன். "நீங்க கேக்கோணும்னுதான் எனக்கு ஆசை."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு என்னைக் கூச்சத்தோடு பார்த்து, "என்ன கலரு?" என்றார்.