எல்லைக்கல்லில் மூன்று இடி

இங்கிலாந்திலுள்ள லிட்டில் ஆஸ்கம் கிராமத்தின் வரலாறு சுருக்கமானது. ஒரு காலத்தில் ராஜா ஒருவர் அந்த வழியாகப் போனார், நிற்கவில்லை. அதில் ஊராருக்கு இன்றும் பெருமை. "அவரு தயவு நமக்குத் தேவையில்லைன்னு அவருக்கே தெரிஞ்சிருக்கு," என்பார் தேவாலயப் பொறுப்பைப் பார்க்கும் கிழவர் எனோக் ட்ரப்ஷா.

ஒவ்வொரு மே மாதமும் ஊரே எல்லையைச் சுற்றி நடக்கும். கடைசிக் கல்லில், ஊரில் பிறந்த ஒருவரைக் கைகால் பிடித்துத் தூக்கி, பின்புறம் படும்படி மூன்று முறை இடிப்பார்கள். எல்லை எதுவென்று உடம்பு மறக்கக் கூடாதாம்.

மெரியல் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. வாழ்க்கைப்பட்டு வந்து முப்பது வருடமாகிறது. எல்லோரும் கல்லைச் சுற்றி நிற்கும்போது அவள் தள்ளி நின்று முட்டை சாண்ட்விச் கூடையைத் திறப்பாள். ஒரே ஒரு முறை தன்னையும் தூக்க மாட்டார்களா என்றிருக்கும். கணவனிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள்.

"உனக்கெதுக்கு? சும்மா வலிக்கும்," என்றான், பலமுறை இடிபட்ட அவன்.

அவன் இறந்த பிறகு ஆசை வேறு மாதிரி உறுத்தியது. கல்லறையில் அவன் பக்கத்தில் படுக்கும்போதும் விருந்தாளியாகத்தான் படுப்போமோ?

இந்த வருடம் உள்ளூரில் பிறந்தவர்கள் இருவர்தான் வந்தார்கள். எனோக்குக்கு இடுப்பெலும்பு மாற்றியிருந்தது. கசாப்புக்கடை பெர்கினைப் போன வருடம் தூக்கிய பாதிரியாருக்குத் தோள் இன்னும் சரியாகவில்லை.

"இடிக்காம போனா பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பானே," என்றார் பெர்கின்.

"உன்னத் தூக்கினா பாதிரியாரு செத்துப்போவாருடா," என்ற எனோக்கின் கண் சுற்றி வந்து கூடையின் மேல் நின்றது. "ஏம்மா மெரியல், நீ வர்றியா?"

"நான் இந்த ஊர்ல பொறக்கலையே..." வேண்டுமென்றேதான் சொன்னாள், அவர் அதை மறுத்துப் பேசட்டும் என்று.

"அதனால என்ன. ஆளு லேசா இருக்கே!"

காரணம் அவ்வளவுதான். தூக்கினார்கள். வானம் ஆடியது. முதல் இடியில் முதுகுத்தண்டு வரை சுரீரென்றது. கணவன் பொய் சொல்லவில்லை. மூன்றாவது இடியில் கண்ணீர் வந்தது. அது வலியாலா என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

இறக்கிவிட்டதும் லண்டனிலிருந்து குடிவந்திருக்கும் சாஸ்கியா ஓடிவந்து கையைப் பிடித்தாள். பாவம், இரண்டு வருடமாக எல்லாவற்றிலும் கலந்துகொள்கிறாள்.

"மேடம், அடுத்த வருஷம் என்னத் தூக்குவாங்களா? எனக்கு ரொம்ப ஆசை."

மெரியல் பாவாடையில் ஒட்டிய பாசியைத் தட்டிவிட்டாள். அந்தப் பெண்ணின் முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருடம் கண்ணாடியில் பார்த்த முகம். இரக்கம் வரும் என்று ஒரு கணம் காத்திருந்தாள்.

"பாப்போம்மா," என்றாள், எனோக்கின் குரலில். பிறகு கூடையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "முட்டை சாண்ட்விச் நல்லா செய்வியா?"