எடை, பதினொரு நிமிடம்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் நவீன நடனம்தான் மிகவும் பயனற்றது என்பதை ஐயத்திற்கு இடமின்றி நிறுவியவன் நான். பொறாமையில் சொல்லவில்லை. நூற்று நாற்பத்து மூன்று நிகழ்ச்சிகளுக்கு விளக்குப் போட்டவன் என்ற தகுதியில் சொல்கிறேன். இதைவிடக் குறைந்த ஆதாரத்தை வைத்துக்கொண்டு முனைவர் பட்டம் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் குழுவில் ஆடுபவர்கள் எட்டுப் பேர். நடனங்களை அமைப்பவர் மாஸ்டர். விளக்கும் ஒலியும் நான். ஊர் ஊராக வேனில் கொண்டுபோவது மூன்றே நடனங்கள். முதலாவது 'வெளி'. அதில் எல்லோரும் ஓடுவார்கள். யாரும் யாரையும் துரத்துவதில்லை, எந்தப் பேருந்தும் கிளம்பிவிடவில்லை, இருந்தும் ஓடுவார்கள். இரண்டாவது 'சுவர்'. அதில் எல்லோரும் சும்மா நிற்பார்கள். 'வெளி'யில் ஓடிய களைப்பு என்பது என் விளக்கம். மூன்றாவது 'எடை'. ஒரு நாற்காலி, ஒரு பெண், பதினொரு நிமிடம். அந்தப் பெண் என் அக்கா.

கல்லூரிக் காலத்தில் எங்கள் சுவர்ப் பத்திரிகையில் 'கொசு அடிக்கும் கலை' என்று அக்காவின் நடனத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அவள் அதைப் படித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படியே மாஸ்டரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். "இவ்ளோ உன்னிப்பா பாக்குறவன் லைட் போட்டா தப்பே வராது மாஸ்டர்." கேலி செய்ததற்காக வேலை கிடைத்த ஒரே பட்டதாரி நானாகத்தான் இருப்பேன்.

'எடை'யின் ஏழாவது நிமிடத்தில், நாற்காலிமேல் நிற்கும் அக்கா முதுகைக் காட்டித் திரும்பி இறங்குவாள். அப்போது வலது கை மேலே போகும். அது உச்சிக்குப் போகும் நொடியில் நான் பதினான்காம் விளக்கை ஏற்ற வேண்டும்.

போன வருடம் ஒரு ஊரில் அந்தக் கை மேலே போகவில்லை. இறங்கியவள் அதை வலது விலாவுக்குக் கீழே வைத்து, லேசாகக் குனிந்து, இரண்டு எண்ணிக்கை நின்றுவிட்டுத் தொடர்ந்தாள். விளக்கு தாமதமாகத்தான் வந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் மாஸ்டர் ஒப்பனை அறைக்கு ஓடி வந்தார்.

"அந்தக் கை! எங்கேர்ந்து பிடிச்சே அதை? இனிமே அதுதான். மாத்திடாதே."

அக்கா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தபடி தலையாட்டினாள். அவர் போனதும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"வலிச்சுதுடா. அதான் பிடிச்சுக்கிட்டேன். கலைன்னுட்டாரு."

"பல்லு வலிச்சிருந்தா விருதே குடுத்திருப்பாங்க."

"போடா எருமை."

"டாக்டர்கிட்ட கீக்டர்கிட்ட போயிடாதே. குணமாயிட்டா டான்ஸ் கெட்டுப்போயிடும்."

இருவரும் சிரித்தோம். நல்ல நகைச்சுவைதான். இன்றைக்கும் அதில் தொழில்ரீதியாக ஒரு குறையும் சொல்ல முடியாது.

அக்கா இன்னும் ஐந்து ஊர்களில் ஆடினாள். ஐந்திலும் கை அதே இடத்துக்குப் போனது. ஒவ்வொரு ஊரிலும் கொஞ்சம் கூடுதல் நேரம் அங்கேயே நின்றது. கடைசி ஊரில் வீடியோ எடுத்தார்கள். பிறகு மருத்துவமனை. பிறகு பதினொரு வாரம். அவ்வளவுதான்.

நோய் எந்த இடத்தில் இருந்தது என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். அதையும் அந்தக் கையையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. உடம்பை வைத்தே பிழைக்கிறவர்கள், மேடை ஏறினால் மட்டும் அது உடம்பு இல்லை என்று நம்பிவிடுகிறார்கள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குழுவைவிட்டுப் போகிறவர், அடுத்து வருகிறவரோடு இரண்டு நாள் ஒரே அறையில் இருந்து தன் பாகத்தைக் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போவார். அக்காவுக்கு அந்த இரண்டு நாள் வாய்க்கவில்லை. அதனால் 'எடை'க்கு வந்த பெண் வீடியோவிலிருந்து கற்றாள். அவளைப் 'புதுசு' என்று கூப்பிட்டோம். பார்த்ததை எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கிறவள். வீடியோவில் யாராவது தும்மியிருந்தால் அதையும் பாடம் பண்ணியிருப்பாள்.

அவளுடைய முதல் நிகழ்ச்சி ஒரு நாள் மாலை ஆறரைக்கு. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு ஒத்திகை தொடங்கியது. கறுப்பு விரிப்பின் ஓரங்களைக் கொக்கு குந்தி உட்கார்ந்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். கொக்கு என்பது எங்கள் குழுவிலேயே உயரமான ஆட்டக்காரன். உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடும்.

ஏழாவது நிமிடம். புதுசு நாற்காலியிலிருந்து இறங்கினாள். கை விலாவுக்குக் கீழே போனது. நடுவிரலும் மோதிர விரலும் மட்டும் உள்ளே அழுந்தின. அதே குனிவு. அதே மூச்சு. நான் விளக்குப் போடவில்லை.

"லைட் எங்கப்பா?" மாஸ்டர் கத்தினார். "தூங்கிட்டியா?"

"ஒயர் லூசு மாஸ்டர்."

ஒயர் நன்றாகத்தான் இருந்தது.

"புதுசு, அந்தக் கைய இன்னும் கொஞ்சம் நிறுத்தும்மா. அதுதான் இந்த டான்ஸோட உயிரே."

இடைவேளையில் புதுசு தண்ணீர் பாட்டிலோடு என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா? அந்தக் கை வைக்கிற இடத்துல அக்கா மனசுல என்ன நெனச்சுக்குவாங்க?"

"ஏன்?"

"சும்மா வச்சா பொய்யாத் தெரியுது. கொக்கு அண்ணன் அது பசிங்கிறார். மாஸ்டர் தொலைச்சதைத் தேடுறாங்கிறார். பேப்பர்ல பூமியோட பாரம்னு எழுதியிருக்காங்க. நான் வயித்துல குழந்தை இருக்கிற மாதிரி நெனச்சுப் பாத்தேன். வரமாட்டேங்குது."

பேசும்போதே அவள் கை தன்னையறியாமல் விலாவுக்குக் கீழே போயிருந்தது. என்னிடம் பதில் தயாராக இருந்தது: வீட்டுச் சாவியைத் தேடியிருப்பாள். வாயைத் திறந்தேன்.

"அங்க வலிச்சுது" என்றேன்.

"யாருக்கு? அந்தக் கேரக்டருக்கா?"

"அக்காவுக்கு."

அவள் கையைச் சட்டென்று எடுத்தாள், அடுப்பிலிருந்து எடுப்பதுபோல.

மூன்றாவது வரிசையில் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த மாஸ்டர் நிமிர்ந்தார். "என்ன சொன்னே?"

சொன்னேன். ஒப்பனை அறை, துண்டு, கண்ணடித்தது, எல்லாம். என் நகைச்சுவையையும் சொன்னேன். அதை யாரும் கேட்கவில்லை, விட்டிருக்கலாம்.

மாஸ்டர் அருகில் இருந்த இருக்கையில் உட்கார்ந்தார்.

"மாத்தாதேன்னு நான்தானே சொன்னேன்."

"டாக்டர்கிட்ட போகாதேன்னு நான் சொன்னேன் மாஸ்டர்."

யாருடைய தப்பு பெரிது என்று தீர்ப்புச் சொல்ல அங்கே நடுவர் யாரும் இல்லை. கொக்கு டேப்பைக் கீழே வைத்தான்.

"எடுத்துடும்மா அதை" என்றார் மாஸ்டர். "முன்னாடி இருந்ததையே ஆடு."

"முன்னாடி என்ன மாஸ்டர் இருந்துச்சு?"

அவருக்கு நினைவில்லை. அமைப்பது அவர் வேலை, நினைவு வைப்பது ஆடுகிறவர்களின் உடம்பு. பதினைந்து வருடமாக அப்படித்தான். பழைய வீடியோ ஒன்று இருந்தது. அதில் அந்த இடத்தில் கேமராக்காரர் உணர்ச்சிவசப்பட்டு அக்காவின் பாதத்தை மட்டும் காட்டியிருந்தார்.

"கொக்கு, உனக்கு?"

"நான் அப்ப சைடுல டிரெஸ் மாத்திட்டிருப்பேன் மாஸ்டர். ஒரு தடவைகூடப் பாத்ததில்ல."

மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. புதுசா ஏதாச்சும் போட்டுக்கலாம். கை இல்லாமலே இறங்கிடு."

அவள் அதைத்தான் செய்வாள். இன்றைக்கு, நாளைக்கு, அடுத்த ஊரில். வலி வருவதற்கு முன்னால் அக்கா எப்படி இறங்கினாள் என்பது உலகத்தில் எங்கேயும் இருக்காது.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"சொல்லு."

"வலது கை மேல போகும். ஆனா கை கிளம்பாது, முழங்கைதான் கிளம்பும். தோள் அசையாது. யாரோ மேலேர்ந்து நூல் கட்டி இழுக்கிற மாதிரி..."

புதுசு செய்து காட்டினாள். ஓடும் பேருந்தை நிறுத்துவதுபோல இருந்தது.

"அது இல்லம்மா."

"பின்ன எப்படிண்ணா?"

இன்னும் இரண்டு முறை வாயால் சொல்லிப் பார்த்தேன். சொல்வளம் உள்ளவன் என்று பெயர் எடுத்தவன் நான். ஒன்றும் உதவவில்லை. எழுந்து செருப்பைக் கழற்றினேன். விரிப்பில் செருப்போடு யாரும் ஏறக்கூடாது. நூற்று நாற்பத்து மூன்று நிகழ்ச்சிகளில் நான் அதை மிதித்ததே இல்லை. வெறுங்காலுக்குச் சில்லென்று இருந்தது.

நாற்காலி, கீழேயிருந்து பார்த்ததைவிட அதிகமாக ஆடியது. ஏறி நின்று அரங்கத்துக்கு முதுகைக் காட்டினேன். இடது காலை இறக்கினேன். இடுப்பில் எங்கோ சடக்கென்றது. முழங்கை கிளம்பியது. தோளை அசையாமல் வைத்திருந்தேன். கை தலையைத் தாண்டி, எப்போதும் என் விரல் பொத்தானை அழுத்தும் அந்த உயரத்துக்குப் போனது.

யாரும் சிரிக்கவில்லை. கொக்குவின் இடத்தில் நான் இருந்திருந்தால் சிரித்திருப்பேன்.

"தலை எங்க பாக்கணும்ணா?" என்றாள் புதுசு.

"கைய பாக்கமாட்டா. கை போறது அவளுக்குத் தெரியாத மாதிரி இருப்பா."

"இன்னொரு தடவை பண்ணுங்கண்ணா. மெதுவா."

மறுபடியும் நாற்காலியில் ஏறினேன். புதுசும் பக்கத்தில் விரிப்பின்மேல் நின்று முதுகைத் திருப்பிக்கொண்டாள். நான் எண்ண ஆரம்பித்தேன்.