வெள்ளிக்கிழமை மின்னல்

பிரேமாவதியின் கண்ணில் ஒருநாள் கோணல்மாணலாய் மின்னல் ஓடிப் பாதிப் பார்வையை மறைத்தது. சற்றுப் பொறுத்துத்தான் தெளிந்தது. கூலிம் தொழிற்சாலையில் நுண்ணோக்கி வழியே மின்னணுச் சில்லு சோதிக்கிறவள், கண்ணே போய்விடுமோ என்று நடுங்கினாள். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு வெள்ளிதோறும் பட்டினி கிடந்தாள். மின்னலோ அடிக்கடி வந்தது. கணவன் மனோகரன் அவளை லூனாஸில் டாக்டரிடம் இழுத்துப் போனான்.

டாக்டர் ஷாமினி சோதித்துவிட்டு, "கண்ணு நல்லாத்தான் இருக்குக்கா. இது ஒத்தத் தலைவலியோட சேட்டை. என்னிக்கு வருது?" என்றாள்.

"இப்பல்லாம் வெள்ளிக்கிழமதான். அன்னிக்கு விரதம்."

"பட்டினி கிடந்தா வரத்தான் செய்யும் லா. மொதல்ல சாப்பிடுங்க."

பிரேமாவதிக்குப் போன உயிர் திரும்பியது. முகம் மட்டும் தெளியவில்லை. "ஆத்தாகிட்ட ஒரு வருஷம்னு சொல்லிட்டேனே!"

ஒருவேளைச் சோற்றையும் தள்ளிப்போடாத மனோகரன் பெருமூச்சு விட்டான். "மிச்ச விரதத்த நான் இருக்கேன். என் தொப்பையப் பாத்தா ஆத்தாவே மனசு எறங்குவா."